பத்தாண்டு கடந்த தீர்ப்புகள்: வன்னியின் பழைய கடன் வழக்குகள்

வன்னியில் ஒரு கடன் வழக்கின் தீர்ப்பு யாருடைய தலையில் விழுந்தது என்று விசாரித்துக்கொண்டு போனால், கடன் எடுத்தவருக்கு முன்னர் பிணை வைத்தவர் அகப்படுவார். அவர் ஒரு பாடசாலை ஆசிரியராக இருப்பார், அல்லது மருத்துவமனைத் தாதி, பிரதேச செயலக உத்தியோகத்தர். எடுத்தவர் மச்சானாகவோ, பக்கத்து வளவுக்காரராகவோ இருப்பார். "ஒரு கையெழுத்துத்தானே" என்று போட்டது, பத்து வருடத்துக்குப் பிறகு சம்பளப் பட்டியலில் கழிவாக வந்து நிற்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களிலும் பழைய கடன் தீர்ப்புகளின் கதையை இந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் மிச்சம் விளங்கும்.

ஏன் பிணையாளி? வன்னியின் காணிதான் காரணம். இரணைமடுக் குளத்தை நம்பி 1930களிலிருந்து குடியேற்றப்பட்ட நிலங்களும், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு போன்ற பின்வந்த குடியேற்றங்களும் பெரும்பாலும் உறுதிக்காணிகள் அல்ல. 1935-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை, சனத்தின் வாயில் 'பெர்மிற் காணி'. இத்தகைய காணியை நீதிமன்றத் தீர்ப்பாணை ஒன்றை நிறைவேற்றுவதற்காகப் பற்றவோ விற்கவோ முடியாது என்று அந்தச் சட்டமே தடுக்கிறது. பிரதேச செயலரின் சம்மதத்தோடு, சட்டம் அனுமதித்த வங்கியொன்றுக்கு ஈடு வைத்திருந்தால் கதை வேறு. மற்றப்படி ஒருவர் கையில் மூன்று ஏக்கர் வயல் இருந்தும் கடன் கொடுத்தவனுக்கு அதில் ஒரு வரம்புகூடக் கிடைக்காது. குடியேற்றவாசி வட்டிக்காரனிடம் நிலத்தை இழக்கக்கூடாது என்ற யோசனையில் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய பாதுகாப்பு இது. நல்ல பாதுகாப்பு. ஆனால் நிலத்தைத் தொட முடியாத நிறுவனம் சும்மா இருக்குமா? சம்பளக்காரன் ஒருவனின் கையெழுத்தைக் கேட்டது. சுமை நிலத்திலிருந்து இறங்கி உறவின் மேல் ஏறியது.

பிணைமுறியை எடுத்துப் பாருங்கள். நாலைந்து பக்கம், நெருக்கிய எழுத்து, பெரும்பாலும் ஆங்கிலம். அதற்குள் ஒரு வாசகம் இருக்கும்: முதலில் கடனாளியைத் தேடு, அவன் சொத்துப் போதாவிட்டால் என்னிடம் வா என்று கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். ரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்குக் கொடுத்திருந்த பழைய சலுகை அது. கையெழுத்துப் போடும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது. அதற்குப் பிறகு நிறுவனம் கடனாளியை விட்டுவிட்டுப் பிணையாளியை மட்டும் பிடித்தாலும் சட்டத்தில் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கையெழுத்துப் போட்ட எத்தனை பேர் அந்த வாசகத்தை வாசித்திருப்பார்கள்? வாசித்துக் காட்ட வேண்டிய கடமை யாருக்கு என்ற கேள்வியைக்கூட நாம் கேட்டதில்லை.

தீர்ப்பு வரும் வழியும் ஒரே மாதிரியானதுதான். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, சனம் மெனிக்பாம் முகாமிலிருந்து கட்டம் கட்டமாக ஊர் திரும்பியபோது, வீதி திறந்த கையோடு நிதி நிறுவனங்களும் வந்தன. உழவு இயந்திரம், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாம் லீசிங்கில் கிடைத்தன. எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்கு அது கடனாகத் தெரியவில்லை, வாகனமாகத் தெரிந்தது. இரண்டு போகம் வயல் பொய்த்தால் தவணை நிற்கும். வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஏலத்தில் விற்பார்கள். விற்ற காசைக் கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கும். வண்டி போனதோடு கணக்கும் தீர்ந்தது என்று குடும்பம் நினைத்திருக்கும். நிறுவனம் அந்த மிச்சத்துக்கு வழக்குப் போடும். அழைப்பாணை, கடன் எடுத்தபோது எழுதிக்கொடுத்த விலாசத்துக்குப் போகும். அந்த விலாசம் சிலவேளை தற்காலிகக் கொட்டில், சிலவேளை இனத்தவர் வீடு. எதிராளி நீதிமன்றம் வரமாட்டார். வழக்கு ஒருதலைப்பட்சமாக விளங்கப்பட்டுத் தீர்ப்பாகும்.

வங்கியோ நிதி நிறுவனமோ 1990-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வந்தால் இன்னும் விரைவு. ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் குறையாத கடன்களுக்கான சட்டம் அது. அங்கே வழக்கின் முதற்படியிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை பிறந்துவிடும். கடனாளி எதிர்க்க வேண்டுமானால் சத்தியக்கடதாசியோடு வந்து, தன்னைப் பேச விடும்படி முதலில் அனுமதி கேட்கவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டோ, பிணை கொடுத்தோ, விசாரிக்கத் தகுந்த நியாயம் இருப்பதாகக் காட்டியோதான் அந்த அனுமதி கிடைக்கும். "ஐயா, என்னட்டைக் காசில்லை" என்று கூண்டில் நின்று சொல்வதை அந்தச் சட்டம் பதிலாகவே எடுப்பதில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாசகம் அதுதான் என்பது வேறு விடயம்.

இப்படிப் பிறந்த தீர்ப்பு ஐந்து, எட்டு, பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கடிதமாகவோ, நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற வாசலில் நிற்கும் பிஸ்கால் உத்தியோகத்தராகவோ திரும்பி வரும்போது வீட்டில் நடப்பது என்ன? தாலிக்கொடி அடகுக்குப் போகும், அல்லது வந்தவர் நீட்டிய புதுக் கடதாசியில் கையெழுத்து விழும். இரண்டுமே அவசரம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பழைய தீர்ப்பு பார்வைக்குப் பயமுறுத்தும் அளவுக்குச் சட்டத்தில் பலமுள்ளதல்ல. அதன் உண்மையான பலம் நீதிமன்றப் பதிவறையில் இருக்கும் வழக்கேட்டில்தான் தெரியும். அந்த ஏட்டை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஏடு என்பது கயிற்றால் கட்டிய ஒரு கோவை. மேலே வழக்கு இலக்கம், உள்ளே திகதிவாரியாகக் குறிப்புகள்: அழைப்பாணை அனுப்பிய நாள், அது திரும்பிய விதம், ஒருதலைப்பட்ச விளக்கம், தீர்ப்பாணை ஒப்பமிட்ட நாள், அதன் பிரதி சேர்ப்பித்த நாள், தீர்ப்பாணையை நிறைவேற்றும் எழுத்தாணை வழங்கிய நாள். வழக்கில் பெயர் உள்ளவர், தானோ தன் சட்டத்தரணி மூலமோ, அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டுப் பெறலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அந்தக் குறிப்புகளில் இரண்டு திகதிகள் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

ஒன்று, தீர்ப்பாணையின் பிரதி எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்பட்ட திகதி. 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86-ஆம் பிரிவின்படி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டு, தான் வராமற்போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று மன்றைத் திருப்திப்படுத்தினால், அந்தத் தீர்ப்பாணை நீக்கப்படும். எதிராளி அதற்குப் பிறகு தன் மறுப்பைத் தாக்கல் செய்து வழக்காடலாம். 14 நாள் மிகக் குறுகியதுதான். ஆனால் அது தீர்ப்பு நாளிலிருந்து ஓடுவதல்ல, பிரதி சேர்ந்த நாளிலிருந்து ஓடுவது. இல்லாத வீட்டுக் கதவில் ஒட்டியதாகவோ, அந்த நேரத்தில் நாட்டிலேயே இல்லாதவருக்குக் கொடுத்ததாகவோ ஏட்டில் எழுதியிருந்தால், வாதத்துக்கு இடம் இருக்கிறது. கிராம அலுவலரின் பதிவு, முகாம் அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் அப்போது பேசும். மீள்குடியேற்றக் காலத்தில் சனம் பத்திரப்படுத்திய கடதாசிக் கட்டுகள் பயன்படும் இடம் இது.

மற்றையது, தீர்ப்பாணையின் திகதி. அதே கோவையின் 337-ஆம் பிரிவு, தீர்ப்பாணைத் திகதியிலிருந்து பத்து ஆண்டு கழிந்த பின் அதை நிறைவேற்றும்படி கேட்கும் விண்ணப்பம் எதையும் மன்று அனுமதிக்கலாகாது என்கிறது. மேன்முறையீடு நடந்திருந்தால் அந்த உறுதிப்படுத்தல் நாளிலிருந்து பத்தாண்டு. தவணைமுறையில் கட்டும்படி உத்தரவானால், தவணை தவறிய நாளிலிருந்து. எழுத்தாணை ஒன்று நிறைவேறாமற் கிடந்தால் அதன் ஆயுள் ஒரு வருடம் மட்டுமே, முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். கடனாளி மோசடியாலோ பலவந்தத்தாலோ நிறைவேற்றுகையைத் தடுத்திருந்தால் மட்டும் பத்தாண்டு எல்லை தளரும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 2006-இல் ஏ9 வீதி மூடுமுன் வந்த தீர்ப்பாணைகளெல்லாம், தவணை உத்தரவோ மோசடியோ இல்லாதவரை, எப்போதோ செத்துவிட்டன. 2013, 2014-இல் பிறந்தவையும் அதே கணக்கில் காலாவதியாகிவிட்டன.

இங்கேதான் புதுக் கடதாசி ஆபத்தாகிறது. "கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுங்கோ, இதிலை ஒரு சைன் வையுங்கோ" என்று வருகிறவர் கனிவாகத்தான் பேசுவார். அந்தக் கடதாசி மன்றில் பதியும் இணக்கத் தவணை உத்தரவாக மாறினால், காலம் தவறிய தவணை நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். தனியான புதிய உடன்படிக்கையாக இருந்தால், அதன்மேல் புதிய வழக்கே போடலாம். இன்னும் தீர்ப்பாகாத பழைய கடனிலும் இதே பொறிதான். 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி எழுத்து மூலமான கடனுக்கு ஆறு ஆண்டு, வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று ஆண்டு, ஈட்டுக்குப் பத்து ஆண்டு. ஆனால் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், அல்லது அதன் கணக்கில் ஒரு தொகை கட்டினால், கடிகாரம் மறுபடி தொடக்கத்துக்குப் போகும். செத்த கடனை உயிர்ப்பிக்க ஐயாயிரம் ரூபாக் கட்டுப்பணம் போதும். நாணயம் பார்க்கிற ஆட்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது நல்லதுதான், எதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு.

வட்டிக் கணக்கும் பார்க்கவேண்டிய ஒன்று. வழக்குப் போடும் நாளில் கேட்கும் வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்பது ரோம-டச்சு மரபில் வந்து இலங்கைச் சட்டத்தில் நிலைத்த விதி. மூன்று இலட்சம் ரூபாவைத் தனியாரிடம் வருடம் 24 வீதத்துக்கு வாங்கியவருக்கு, நாலு வருடமும் இரண்டு மாதமும் கழிந்தபோதே வட்டி மூன்று இலட்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எத்தனை வருடம் போனாலும் அவர்மேல் ஆறு இலட்சத்துக்குத்தான் வழக்கு. மிதமிஞ்சிய வட்டி என்று பட்டால் 1918-ஆம் ஆண்டின் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் மன்று கணக்கையே மீளத் திறக்கலாம். வங்கி, நிதி நிறுவனம் என்றால் இந்த ஆறுதல் குறைவு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம், கடன் முழுக்கத் தீரும்வரை ஒப்பந்த வட்டியை ஓட விடுகிறது. ஊர் வட்டிக்காரனைத் திட்டுகிற நாம், சட்டம் அவனுக்குத்தான் கூடுதலாகக் கடிவாளம் போட்டிருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

பிஸ்கால் வாசலுக்கு வந்தாலும் எல்லாவற்றையும் அள்ள முடியாது. உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவிகள், கமக்காரனானால் அவன் பிழைப்புக்கு மன்று அவசியமெனக் கருதும் வேளாண் கருவி, உழவு மாடு, விதைநெல் ஆகியவற்றைக் கோவையின் 218-ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. சகோதரனின் உழவு இயந்திரத்தையோ மனைவியின் சீதனப் பொருளையோ கடனாளியினது என்று பற்றினால், உரியவர் 241-ஆம் பிரிவின் கீழ் உரிமை கோரலாம். "பொலிசிலை சொல்லி உள்ளை போடுவம்" என்ற மிரட்டலுக்குக் கடன் வழக்கு இடம் கொடுப்பதில்லை. கணக்கில் காசில்லாமல் கொடுத்த காசோலை வேறு விவகாரம், அது குற்றம். பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யும் ஏற்பாடு கோவையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலாமை ஒன்றுக்காகவே எவரையும் சிறையிடலாகாது என்கிறது இலங்கை 1980-இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11-ஆம் உறுப்புரை. அதே ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், ஜொலி ஜோர்ஜ் வர்க்கீஸ் வழக்கில் இந்த உறுப்புரையை முன்வைத்து, கையில் இருந்தும் கட்டாதவன் வேறு, இல்லாதவன் வேறு என்று பிரித்தார். இந்தக் கோட்டை எங்கள் மன்றுகளிலும் எடுத்துச் சொல்லலாம்.

கொழும்பிலிருந்து வரும் நடுத்தீர்ப்பு இன்னொரு தினுசு. லீசிங் ஒப்பந்தங்கள் சிலவற்றில் பிணக்கை நடுத்தீர்ப்பாளர் முன் கொண்டுபோகும் வாசகம் உண்டு. விசாரணை கொழும்பில் நடக்கும், கடிதம் தமிழில் வராது, முல்லைத்தீவிலிருந்து யாரும் போகமாட்டார்கள். அந்தத் தீர்ப்பு தானாக நிறைவேறாது. 1995-ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டப்படி, தீர்ப்பு வந்து 14 நாள் கழிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் மேல் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வந்த கடிதத்தைக் கிழித்தெறியாமல் திகதியைப் பார்ப்பதுதான் இங்கும் முதல் வேலை.

போர்க்காலத்தைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பது தனிக் கதை. 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து கழித்தது. ஆனால் அது அசையாச் சொத்தை மீட்பதற்காக மட்டும். கடனுக்கு அந்தக் கழிவு இல்லை. கடன் கொடுத்தவர் கடல் கடந்து போயிருந்தால் அவருக்கெதிராகக் காலம் ஓடாது என்கிறது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். கடல் கடக்காமல் புதுக்குடியிருப்பில் அகப்பட்டுக் கிடந்தவருக்குக் காலம் ஓடியது. கடனாளிக்கு இது இலாபம், கொடுத்தவர்களில் ஏழைகளும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. கடையில் கடன் எழுதியவர், சீட்டுப் பிடித்த பெண், நெல்லைக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருந்த கமக்காரன் எல்லோரும் கொடுத்தவர்களே.

அந்த வருடங்களில் வன்னியில் வேறொரு நீதித்துறையும் இருந்தது. 1993-இல் புலிகள் அமைத்த தமிழீழ நீதிமன்றங்கள் தமக்கென எழுதிய சட்டக்கோவைகளின்படி கடன் பிணக்குகளையும் தீர்த்தன. 2009-க்குப் பிறகு அந்தத் தீர்ப்புகளை எந்த மாவட்ட நீதிமன்றமும் ஏற்பதில்லை. தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த நகைகளின் நிலை இன்னும் சிக்கல். 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் அப்போதைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச ஒரு தொகுதியை உரியவர்களிடம் கையளித்தார். 2025 மே மாதத்தில் இராணுவம் மேலும் ஒரு தொகுதியைப் பொலிசாரிடம் ஒப்படைத்தது. கடன் கொடுத்த நிறுவனமே இல்லாமற்போன பின் ஈடு யாருக்கு என்ற கேள்விக்கு எந்தக் கோவையிலும் பிரிவு எழுதப்படவில்லை.

நுண்கடனைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. 2018 செப்டெம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கை வந்து, வருட வட்டி 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்தார். வன்னி மாவட்டங்கள் மூன்றும் அதில் அடங்கின. கிழமைக்குக் கிழமை கட்டும் இந்த நுண்கடன் நீதிமன்றம் வரை போவது குறைவு, அது வீட்டுப் படலையிலேயே அறவிடப்படுவது. போனாலும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறித்த வரையறைக்குட்பட்ட தொகைகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கமில்லை என்ற சான்றிதழோடுதான் மன்றை அடையலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்குப் போட்டிருக்கிறார்களா என்பதும் ஏட்டில் பார்க்கவேண்டிய விடயம்.

இத்தனை பாதுகாப்பும் துண்டு துண்டானவை. கடனில் அமிழ்ந்த ஏழைக்கு முழுக் கணக்கையும் ஒரே இடத்தில் தீர்த்துக்கொள்ள வழி இல்லை. வங்குரோத்துச் சட்டம் 1853-இல் எழுதியது, வியாபாரிகளை மனதில் வைத்தது. 1941-இல் உருவான கடன் இணக்க சபை கொழும்பில் இருக்கிறது, அதன் கவனம் ஈடும் நிபந்தனை அறுதியும் எழுதிய காணிகளில். பெர்மிற் காணிக்காரனுக்கு அங்கே அதிகம் வேலையில்லை. இதற்கு நல்ல முன்மாதிரி பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்தது. ராஜாஜியின் அரசு கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 ஒக்டோபர் 1 அன்று விவசாயிகளின் பழைய கடன்களில் நிலுவையிலிருந்த வட்டியை அழித்தது. முதலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. முக்கியமானது, தீர்ப்பாகிவிட்ட கடனையும் அது விடவில்லை. பிறந்துவிட்ட தீர்ப்பாணையை எடுத்து, புதிய கணக்குப்படி திருத்தும்படி மன்றைக் கேட்க 19-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. வன்னியில் வந்த நிவாரணங்களெல்லாம் வழக்குக்கு முந்திய கடனோடு நின்றுவிட்டன. தீர்ப்பான கடனுக்கும், அதைவிடப் பிணையாளிக்கும், அரசு எதுவும் செய்யவில்லை. வடக்கிலிருந்து நாடாளுமன்றம் போகிறவர்கள் கேட்டிருக்கவேண்டிய சட்டம் இது.

கடைசியாக, இறந்த, காணாமற்போன கடனாளிகள். பெற்றோர் சொத்து எதுவும் விடாது போனாலும் அவர்கள் கடனுக்கு ஆண்மக்கள் பொறுப்பு என்றது 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமை. இன்று கோவையின் 341-ஆம் பிரிவின்படி, இறந்தவரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. ஒன்றும் வரவில்லையானால் ஒன்றும் இல்லை. பெர்மிற் காணிப் பாதுகாப்பு அங்கும் நிற்கும். ஆனால் இந்தப் பிரிவு வேலை செய்ய, அவர் இறந்துவிட்டார் என்று யாராவது காட்டவேண்டும். 2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுக்கக் காணாமற்போனவர்களின் மனைவியர் பலர் மறுத்தார்கள். எடுத்தால் தேடுவதை நிறுத்தியதாகிவிடும் என்ற எண்ணம். 2016-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைச் சான்றிதழ் வந்தது. அதை வைத்து, சொத்தைப் பராமரிக்க நீதிமன்றத்தை நாடலாம், அவர் இறந்ததாக ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. கணவர் பெயரில் வரும் பழைய தீர்ப்புக் கடிதத்துக்கு மனைவி பதில் எழுதும்போது, தன் பெயரில் ஒரு சதமும் பொறுப்பேற்காமல், அந்தச் சான்றிதழின் பிரதியை இணைத்து, வழக்கு இலக்கத்தையும் தீர்ப்பாணைத் திகதியையும் கேட்டு அனுப்பினால் போதும்.